மூடுவதா, திறப்பதா? கொடிக்காலின் குளிர்கால விவகாரம்

செடியைக் குளிரிலிருந்து காப்பாற்ற வேண்டுமானால் அதைச் சுற்றியுள்ள காற்றை அடைத்து வைக்க வேண்டும்; அடைத்து வைத்த காற்றோ ஈரம் கோத்து நோய்க்கு இடங்கொடுக்குமாதலால், அதே செடி பிழைக்க வேண்டுமானால் அதே காற்றைத் திறந்துவிடவும் வேண்டும். ஒன்றையொன்று மறுப்பன போலத் தோன்றும் இவ்விரு தேவைகளையும் ஒரே கூரையின்கீழ் நிறைவேற்றுவது எப்படி என்ற கேள்வி, ரோமச் சக்கரவர்த்தி திபேரியஸுக்கு நாள்தோறும் வெள்ளரிக்காய் கிடைக்கவேண்டுமென்று அவருடைய தோட்டக்காரர்கள் சக்கரம் பூட்டிய பாத்திகளை வெயிலுக்கு உருட்டியும், குளிர்காலத்தில் ஒளிபுகும் கல்தகடுகளால் மூடியும் பாடுபட்ட காலந்தொட்டு, தோட்டக்கலை வல்லாரிடையே தீராத விவாதமாக இருந்துவருகிறது.

காவிரியும் குடமுருட்டியும் வெட்டாறும் வெண்ணாறும் வடவாறும் பாயும் திருவையாற்று வட்டாரத்தில் இந்தக் கேள்விக்கு என்ன வேலை என்று ஒருவர் வினவக்கூடும். தியாகராஜ ஸ்வாமிகளின் ஆராதனை நடக்கும் புஷ்ய மாதத்துப் பனியிலும் இவ்வூர்க் காவிரிக்கரையில் விடியற்கால வெப்பம் பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும். கண்ணாடி வீடு கட்டிச் செடி வளர்க்கும் அவசியம் இங்கே யாருக்கும் ஏற்பட்டதில்லை. ஆயினும் திருவையாறு முதல் ஐயம்பேட்டை, பண்டாரவாடை, ராஜகிரி, சுவாமிமலை வரை ஆற்றுப்படுகையோரமாக நிற்கும் வெற்றிலைக் கொடிக்கால்களுள் நுழைந்து பார்ப்பவருக்கு ஒரு விஷயம் விளங்கும். வெளியே வெயில், உள்ளே அந்தி. வெளியே காற்று, உள்ளே நிதானம். வெளியே வறட்சி, உள்ளே ஈரம். சுவரும் கூரையும் மரஞ்செடிகளாலேயே அமைந்த பசுமைக்குடில்தான் கொடிக்கால். ஐப்பசி அடைமழை தொடங்கித் தை மாதத்துப் பனி நீங்கும்வரை அதை எவ்வளவு மூடுவது, எவ்வளவு திறப்பது என்பது, ஐரோப்பாவின் கண்ணாடி வீடுகளைப்பற்றி எழுந்த அதே கேள்வியின் இந்நாட்டு வடிவமாகும். அதற்குக் கூறப்பட்ட விடைகளையும், அவை பிறந்த இடங்களையும், அவற்றின் குறைகளையும் ஒருங்கே வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

வெப்பம் எதனால் தங்குகிறது?

ஜினீவா நகரத்து விஞ்ஞானி ஸொஸ்ஸூர் 1767-ஆம் ஆண்டில், ஒன்றினுள் ஒன்றாகக் கண்ணாடிப் பெட்டிகளை அடுக்கி வெயிலில் வைத்து, உள்ளே உஷ்ணம் மிக உயர்வதைக் கண்டார். அதன்பின் நெடுங்காலம் வரை, கண்ணாடி சூரிய ஒளியை உள்ளே விடுகிறது, உள்ளிருந்து எழும் வெப்பக் கதிர்களை வெளியே விடுவதில்லை, ஆகவே குடில் சூடாகிறது என்பதே சித்தாந்தமாக இருந்தது. 1909-இல் அமெரிக்கப் பௌதிக ஆசிரியர் ஆர். டபிள்யூ. வுட் இதை ஒரு சுருக்கமான சோதனையால் ஆட்சேபித்தார். இரண்டு பெட்டிகளில் ஒன்றைக் கண்ணாடியாலும், மற்றொன்றை வெப்பக் கதிர்களைத் தாராளமாக வெளியே விட்டுவிடும் இந்துப்புத் தகட்டாலும் மூடி, வெயிலில் வைத்துப் பார்த்தார். இரண்டிலும் வெப்பம் ஏறக்குறைய ஒன்றாகவே உயர்ந்தது. சூடேறிய காற்று மேலெழுந்து வெளியேற முடியாமல் அகப்பட்டுக்கொள்வதே குடிலின் வெப்பத்துக்கு முதற்காரணம் என்பது அவர் முடிபு. அந்தச் சோதனையின் நுட்பங்களைப்பற்றிப் பின்னர் வாதங்கள் எழுந்தனவாயினும், பகற்பொழுதைப் பொறுத்தவரை அம்முடிபின் சாரம் நிலைத்துவிட்டது.

நம் விசாரணைக்கு இதனால் விளையும் பயன் பெரிது. குடில் சூடாவதே காற்று அடைபடுவதனால்தான் என்றால், வெப்பத்தைக் காத்தலும் காற்றைத் திறத்தலும் தனித்தனியே திருகக்கூடிய இரண்டு குழாய்களாக இல்லாமல், ஒரே கதவின் இரண்டு பக்கங்களாகிவிடுகின்றன. ஒரு பக்கம் லாபமானால் மறு பக்கம் நஷ்டம்.

ஈரத்தின் கணக்கும் இதனோடு சேர்கிறது. 30 டிகிரி வெப்பமுள்ள ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரிக்குக் குளிர்ந்துவிட்டால் 17 கிராமுக்குமேல் தாங்காது. பகலெல்லாம் இலைகள் மூச்சுவிட்டு நிறைத்த ஈரக்காற்று இரவில் குளிரும்போது, மிச்சமுள்ள 13 கிராமும் எங்கே போகும்? கூரையிலும் தண்டிலும் இலையின் முதுகிலும் துளித்துளியாகப் படியும். வெளியே மழை ஓய்ந்த பின்னும் நெருக்கமாக மூடிய குடிலுக்குள்ளே இலைகள் நனைந்துகொண்டிருப்பதன் காரணம் இதுதான்.

மூடலே நன்று என்ற கட்சி

இக்கட்சியின் மூலபுருஷர் என்று லண்டன் வைத்தியர் நதானியேல் வார்டைக் கூறலாம். அந்துப்பூச்சியின் கூட்டைப் பொரிக்க வைப்பதற்காக ஈரமண்ணோடு அவர் அடைத்துவைத்த ஒரு கண்ணாடிச் சீசாவுக்குள், 1829-இல் ஒரு பெரணியும் ஒரு புல்லும் தாமாக முளைத்து வளர்ந்தன. நகரத்தின் நிலக்கரிப் புகையில் ஒரு பெரணியைக் கூடப் பிழைக்கவைக்க முடியாமல் சலித்திருந்த அவருக்கு இது பெரும் வெளிச்சமாயிற்று. 1833-இல் அடைத்த கண்ணாடிப் பெட்டிகளில் செடிகளை வைத்து ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றினார். அவை உயிரோடு போய்ச் சேர்ந்தன. தேயிலையும் ரப்பரும் சின்கோனாவும் தேசம்விட்டுத் தேசம் பெயர்ந்ததற்கு இந்த ‘வார்டு பெட்டி’ பெருந்துணையாக இருந்தது.

எனினும் அதே பெட்டியின் குறையும் நம் மாகாணத்திலேயே வெளிப்பட்டது. 1860-இல் மார்க்கம் என்னும் ஆங்கிலேயர் தென்னமெரிக்க மலைகளிலிருந்து சேகரித்துப் பெட்டிகளில் அடைத்துக் கொணர்ந்த சின்கோனாக் கன்றுகள், நீண்ட யாத்திரையின் உஷ்ணத்தில் நலிந்து, நீலகிரி சேர்ந்தபின் பிழைக்கவில்லை. பின்னர் வந்த விதைகளையும் கன்றுகளையும் கொண்டு உதகையில் அம்மரத்தைப் பயிராக்கிக் காட்டியவர் தோட்ட அதிகாரி மக்கைவர். அடைத்த பெட்டி குளிரையும் உப்புக்காற்றையும் தடுக்கும். உள்ளே ஏறும் வெப்பத்தை வெளியேற்ற அதற்கு வழி தெரியாது.

மூடல் கட்சி இன்று தன் உச்சத்தில் நிற்பது லடாக்கில். குளிர்காலத்து இரவுகளில் வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே 25 டிகிரிக்கும் இறங்கக்கூடிய அந்தப் பீடபூமியில், கிழக்கு மேற்காக நீண்ட குடிலின் தென்புறத்தை மட்டும் பாலிதீன் தாளால் மூடி, மற்ற மூன்று பக்கங்களிலும் இரட்டை மண்சுவர் எழுப்பி, இரு சுவர்களுக்கும் இடையே வைக்கோலோ மரத்தூளோ திணித்து, குளிர்காலத்திலும் கீரை விளைவிக்கிறார்கள். பகலில் சூரியன் சுவரைச் சுடவைக்கிறான். இரவில் சுவர் அந்தச் சூட்டைத் திருப்பித் தருகிறது. இத்துணை இறுக்கமான இந்தக் குடிலுக்கும் கூரையில் ஒரு திறப்பும் பக்கத்தில் ஒரு கதவும் உண்டு. நடுப்பகலில் திறந்து ஈரத்தையும் மிகைச்சூட்டையும் போக்கிவிட்டு, வெயில் சாயுமுன் அடைத்துவிடுகிறார்கள். பனி உறையும் நாட்டிலேயே முழு மூடல் செல்லுபடியாகவில்லை என்பதை மனத்திற்கொண்டு மேலே செல்வோம்.

வடநாட்டுப் பரோஜ்

வெற்றிலைக்கே வருவோம். மிளகின் இனத்தைச் சேர்ந்த இக்கொடி, மழையும் நிழலும் மிகுந்த தென்கிழக்காசியக் காடுகளில் தோன்றியதென்பது தாவர நூலார் கொள்கை. பதினான்காம் நூற்றாண்டில் மதுரைச் சுல்தானிடம் வந்து தங்கிய யாத்திரிகர் இப்னு பதூதா, திராட்சையைப்போல் பந்தலிட்டோ, தென்னையில் ஏற்றியோ இதை வளர்ப்பார்கள் என்று எழுதிவைத்தார்.

வங்காளத்திலும் ஒரிஸ்ஸாவிலும் இக்கொடிக்கென்று தனிக்குடிலே கட்டுகிறார்கள். மூங்கில் கால் நட்டு, சணல் குச்சிகளாலும் நாணலாலும் நாற்புறமும் சுவர் அடைத்து, ஆள் உயரத்துக்குச் சற்று மேலே வைக்கோலும் புல்லும் பரப்பி மூடிய இதற்குப் ‘பரோஜ்’ என்று பெயர். பந்தேல்கண்டத்து மஹோபாவில் ‘பரேஜா’ என்பார்கள். 2021-இல் புவிசார் குறியீடு பெற்ற மஹோபா வெற்றிலை, உறைபனி விழக்கூடிய ஒரு பிரதேசத்தில் விளைகிறது. அங்கே தை மாதத்தில் ஓர் இரவு கூரை மெலிந்திருந்தாலும் ஒரு வருஷத்து உழைப்பு கருகிப்போகும். ஆகவே பரேஜாக்காரர்கள் மூடல் கட்சியினராக இருப்பதில் வியப்பில்லை.

பரோஜின் பலவீனம் அதன் உயரத்திலேயே இருக்கிறது. சூடான காற்று தானாக மேலெழுந்து வெளியேறும் வேகம், கீழே காற்று புகும் வழிக்கும் மேலே வெளியேறும் வழிக்கும் இடையேயுள்ள உயரத்தைப் பொறுத்தது. உயரம் நான்கு மடங்கானால் வேகம் இரண்டு மடங்காகும். தாழ்ந்த கூரையும் நெருங்கிய சுவரும் கொண்ட அறையில் காற்று நகர்வது அரிது. மழைக்காலத்தில் அழுகல் நோய் வங்காளத்துப் பரோஜ்களில் கொள்ளைபோலப் பரவியதும், 1930-களில் நோய்நூலார் பலர் அதை ஆராயப் புகுந்ததும் இதனோடு சம்பந்தமில்லாதன அல்ல. இருப்பினும் பரோஜைக் கட்டியவர்களைக் குறைகூறுவது முறையாகாது. மேதினிபூர்க் குளிரையும் மஹோபா உறைபனியையும் தடுக்க வேண்டியிருந்தவர்களுக்கு வேறு உபாயம் அன்று எளிதில் கிட்டவில்லை.

டெல்டாவின் உயிர்க்கூரை

நம் பக்கத்து வழக்கம் முற்றிலும் வேறு. இங்கே கூரை கட்டுவதில்லை, கூரையை விதைக்கிறார்கள். வண்டல் நிலத்தை மேட்டுப்பாத்திகளாகக் கட்டி, இடையிடையே நீர் நிற்கவும் வடியவும் பள்ளம் வெட்டி, முதலில் அகத்தியை விதைப்பார்கள். அகத்தி தழைத்து உயர்ந்ததும் அதன் அடியில் வெற்றிலைக் கொடியின் கணுக்களை நட்டு, கொடி ஏற ஏற வாழை நாரால் மரத்தோடு தளரக் கட்டி வருவார்கள். கொடி உச்சியை எட்டியபின் அதை அவிழ்த்துச் சுருட்டி, அடியில் மண்ணணைத்து, நுனியை மீண்டும் ஏற்றிவிடுவதற்குக் கொடி இறக்குதல் என்று பெயர். ஓரங்களில் வாழையோ கீற்றுத் தட்டியோ நிற்கும். கற்பூரி, வெள்ளைக்கொடி, பச்சைக்கொடி என்ற பழைய வகைகளோடு, சிறுகமணிக் கரும்பு ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ‘சிறுகமணி 1’ போன்ற புதியனவும் இம்முறைக்கே ஒத்துவருகின்றன. சோழர் கல்வெட்டுக்களில் கோயில் நிவேதனப் பட்டியல்களில் அடைக்காயமுதோடு இலையமுது என்று வருவது இந்த இலைதான். 2025-இல் கும்பகோணம் வெற்றிலை என்ற பெயரால் புவிசார் குறியீடு பெற்றதும் இப்பகுதியில் விளையும் இலையே.

இந்த ஏற்பாட்டின் அறிவு எதில் இருக்கிறது? அகத்தியின் இலை மெல்லிய சிற்றிலைகளால் ஆனது. ஒளியைச் சல்லடைபோல் சலித்துக் கீழே விடும். அதன் கொம்பை எந்தப் பருவத்தில் வேண்டுமானாலும் கழித்துவிடலாம். கழித்தபின் விரைவில் துளிர்க்கும். ஆகவே கூரையின் கனத்தைப் பருவத்துக்குத் தக்கவாறு கூட்டவும் குறைக்கவும் இயலும். மேலும் பயறு இனத்தைச் சேர்ந்த அகத்தி வேர்முடிச்சுகளால் மண்ணுக்குத் தழைச்சத்தும் ஊட்டுகிறது. கழித்த தழை ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஆகும். மார்கழியில் வைகுண்ட ஏகாதசி கழிந்த துவாதசிப் பாரணைக்கு வீட்டுக்கு வீடு அகத்திக்கீரை தேடப்படுவதால், கவாத்துச் செய்த கழிவுக்கே விலை கிடைக்கும் நாளும் ஒன்று உண்டு. கண்ணாடி வீட்டின் கூரையைப் பிரித்து எவரும் சமைத்ததாகக் கேள்வியில்லை.

விஷயத்தின் மிக நுட்பமான பகுதி இரவைச் சேர்ந்தது. வுட் காட்டியது பகலின் நியாயம். இரவில், காற்று அசையாமல், வானம் மேகமின்றித் தெளிந்திருக்கும்போது, நிலமும் இலையும் தம் வெப்பத்தை நேரே ஆகாயத்தை நோக்கிக் கதிர்களாக வீசிவிட்டுக் குளிர்கின்றன. மார்கழிப் பனி விழுவது இவ்வாறுதான். இரவுக் காற்றின் இந்த நடத்தையை ஆராய்ந்தவர்களுள் முதல்வரிசையில் நிற்பவர் எல். ஏ. ராமதாஸ். ஸி. வி. ராமனிடம் கல்கத்தாவில் பயின்று, புனாவில் 1932-இல் தொடங்கிய வேளாண் வானிலை ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைமை வகித்த அவர், ஆத்மநாதனோடு சேர்ந்து அதே ஆண்டில் ஓர் அபூர்வமான உண்மையை வெளியிட்டார். தெளிந்த, சலனமற்ற இரவுகளில் மிகக் குளிர்ந்த காற்று தரையை ஒட்டி இருப்பதில்லை. தரைக்குச் சில அங்குலங்களிலிருந்து முழங்காலளவு வரை மேலே தனி அடுக்காக நிற்கிறது. அக்காலத்துப் பௌதிகக் கொள்கைக்கு இது முரணாகத் தோன்றியதால் நெடுநாள் சந்தேகத்துக்கு உள்ளாயிற்று. பிற்காலத்தில் விஞ்ஞானி ரொத்தம் நரசிம்ஹாவும் அவருடைய சகாக்களும் கணித விளக்கம் கண்டபின், ‘ராமதாஸ் அடுக்கு’ என்ற பெயரோடு அது நிலைபெற்றது.

வெட்டவெளித் தரையில் கண்ட இந்த உண்மையை அப்படியே கொடிக்காலுக்குள் கொண்டுவந்துவிடக்கூடாது. ஆயினும் அதிலிருந்து ஒரு பாடம் எடுக்கலாம். இரவுக் குளிர் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வருவதில்லை. வானத்தை நோக்கி இழக்கும் வெப்பம் ஒன்று. வாடைக்காற்று வாரிச்செல்லும் வெப்பம் மற்றொன்று. அகத்தியின் அடியில் நிற்கும் கொடி வானத்தைப் பார்ப்பதில்லை. தன்னைப்போலவே வெதுவெதுப்பாக இருக்கும் இலைக்கூட்டத்தையே பார்க்கிறது. ஆகவே முதல் இழப்பு குறைகிறது. வடபுறத்துத் தட்டி இரண்டாவதைத் தடுக்கிறது. இரண்டையும் செய்தபின்னும் மற்றைப் பக்கங்கள் காற்றுக்குத் திறந்தே இருக்கின்றன. பரோஜும் வார்டு பெட்டியும் ஒரே சுவரால் செய்ய முயன்றதை, இங்கே மேற்கூரையும் பக்கத்தட்டியும் பங்கிட்டுக்கொள்கின்றன. கதிர்வழி இழப்பையும் காற்றுவழி இழப்பையும் பிரித்தறியாமல் ‘மூடுவதா, திறப்பதா’ என்று கேட்டதுதான் இந்த நெடிய விவாதத்தின் ஆதிப்பிழை என்பது இக்கட்டுரையாசிரியன் கொள்கை.

நோய்நூலாரின் ஆட்சேபம்

இனி, உயிர்க்கூரையைப் புகழ்ந்தவுடன் எழும் ஆட்சேபத்தையும் கேட்கவேண்டும். டெல்டாவில் கொடிக்காலைக் கொல்வது குளிரைக் காட்டிலும் ஈரமே. ஐப்பசி, கார்த்திகை மழையில் வேரும் அடித்தண்டும் கறுத்து அழுகி, ஒரு வாரத்துக்குள் கொடி தொங்கிப்போகும் வாடல் நோய்க்குக் காரணமானது பைட்டோப்தோரா என்னும் பூஞ்சை போன்ற நுண்ணுயிர். இவ்வினத்தின் ஒரு வகையை ஆமணக்கில் 1913-இல் முதலில் கண்டு விவரித்த தஸ்தூர், பின்னாளில் மத்திய மாகாணத்து வெற்றிலை நோய்களையும் ஆராய்ந்தார். இதன் வித்துகள் இரண்டு இழைகளைத் துடுப்பாகக் கொண்டு நீரில் நீந்துவன. மண்ணிலோ தண்டிலோ மெல்லிய நீர்ப்படலம் ஒன்று போதும். ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்கு நீந்திச் சென்று புகுந்துவிடும். நீர்ப்படலம் காய்ந்துவிட்டால் அவற்றின் பயணம் நின்றுவிடும்.

நோய்நூலாரின் உபதேசம் இதிலிருந்து நேரே பிறக்கிறது: குளிர்ப்பருவத்தில் பாசனத்தைக் குறை, பள்ளத்தில் நீர் தேங்கவிடாதே, நோய்ப்பட்ட கொடியைப் பிடுங்கி எரி, அக்டோபர் முதல் ஜனவரி வரை மாதந்தோறும் வேரடியில் போர்டோ கலவையை ஊற்று. 1885-இல் பிரெஞ்சுப் பேராசிரியர் மில்லார்தே திராட்சைத் தோட்டங்களுக்காக வெளிப்படுத்திய இக்கலவை மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்தது. இலையோடு வாய்க்குள் போகும் சுண்ணாம்பே மயில்துத்தத்தோடு கூடிக் கொடியின் வேருக்கும் காவல் நிற்பதை ரசிக்காமல் இருக்க முடியவில்லை. கொடிக்காலுக்குள் செருப்புக் காலோடு நுழையலாகாது என்ற பழைய ஆசாரத்துக்கும் நோய்நூல் வழியே ஒரு பொருள் சொல்லலாம். சேற்றோடு ஒட்டி வரும் வித்துகள் வேறொரு தோட்டத்திலிருந்து புகாமல் இருக்க அது ஓரளவு உதவும். ஆசாரம் ஏற்பட்டது அதற்காகத்தான் என்று சாதிப்பது அதிகப்படி.

இந்த ஆட்சேபத்தின்படி, அகத்திக்கூரையும் குற்றத்தினின்று தப்பாது. மழைக்குமுன் கழிக்காமல் விட்ட அகத்தி, வெயிலைத் தடுத்து இலையைக் காயவிடாமல் செய்யும். மழை நின்ற பின்னும் மரத்திலிருந்து சொட்டிக்கொண்டேயிருக்கும். ஆகவே புரட்டாசியிலேயே கனமாகக் கழித்துவிட வேண்டும் என்பது ஒரு பக்ஷம். அவ்வாறு மொட்டையடித்த கூரை, மழை ஓய்ந்த மார்கழி இரவில் கொடியை வானத்துக்கு நேரே திறந்துவைக்கும். இலைமேல் பனி இறங்கும். பனிநீரும் நீர்தானே என்பது மறுபக்ஷம். முதற்பக்ஷத்தார் மண்ணின் ஈரத்தை நினைக்கிறார்கள், இரண்டாம் பக்ஷத்தார் இலையின் ஈரத்தை. இரண்டு ஈரமும் ஒன்றல்ல. ஒன்றுக்குச் செய்யும் பரிகாரம் மற்றொன்றை வளர்க்கவும் கூடும். வேரழுகல் மிகுந்த தாழ்ந்த படுகைகளில் முதற்பக்ஷமும், வடிகால் நன்றாயமைந்த மேட்டுப்பாத்திகளில் இரண்டாவதும் பொருந்தும் என்று தோன்றுகிறது.

பாலிதீன் யுகம்

அண்மைக்காலத்தில் மூன்றாவது கட்சி ஒன்று தோன்றியிருக்கிறது. தேசியத் தோட்டக்கலைத் திட்டங்களின்கீழ், செலவின் ஒரு பகுதியை மானியமாகப் பெற்று அமைக்கும் பசுமைக்குடில்களும் நிழல்வலைக்குடில்களும் நாடெங்கும் பரவிவருகின்றன. ஓசூரின் ரோஜாவும் நீலகிரியின் கார்னேஷனும் இவற்றில் செழித்து விளைவதைக் கண்டு, வெற்றிலைக்கும் இதுவே வழி என்று கூறுவாருண்டு; வடமாநிலங்களில் நிழல்வலைக்கு மாறிய பரோஜ்களும் உண்டு.

இக்கட்சியின் வலிமை அளவீட்டில் இருக்கிறது. கூரை முகட்டில் நீளவாட்டில் ஒரு திறப்பும், பக்கங்களில் சுருட்டி ஏற்றக்கூடிய திரைகளும் வைத்து, விசிறியின்றியே காற்றோட்டம் ஏற்படுத்தும் முறையை அது கணக்கிட்டுச் செய்கிறது. ஆனால் அதன் கணக்கு மலைநாட்டுக்கும் பீடபூமிக்கும் போட்டது. பூச்சி புகாதிருக்கக் கட்டும் நுண்வலை காற்றையும் சேர்த்தே தடுக்கிறது. நாற்பது டிகிரியை எட்டும் தஞ்சைச் சித்திரையில் பாலிதீன் கூரையின்கீழ் நிழல் விரும்பும் கொடியை வைப்பது, முன்பு சொன்ன சின்கோனாப் பெட்டியின் கதையாகவே முடியும். புயல் வேறு. 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் கரையேறியபோது, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்தில் ஆண்டாண்டாக நின்ற தென்னைகளே சாய்ந்தன. குழாய்க்கால்களும் தாள் கூரையும் அதற்குமுன் எம்மாத்திரம்? அகத்தியும் மென்மரந்தான், அதுவும் முறியும். ஆனால் முறிந்த அகத்திக்குப் பதில் விதை போதும்.

ஒல்லாந்து தேசத்தின் அநுபவமும் இங்கே கவனிக்கத்தக்கது. 1973-இல் எண்ணெய் விலை ஏறியபின், கண்ணாடி வீடுகளைச் சூடாக்கும் செலவைக் குறைக்க, இரவில் உட்கூரைத் திரைகளை இழுத்து மூடும் வழக்கம் அங்கே பெருகிற்று. எரிபொருள் மிச்சமானது மெய். உள்ளே ஈரம் மிகுந்து சாம்பற்பூஞ்சையின் தொல்லையும் கூடிற்று. திரையைச் சிறிது விலக்கி ஈரத்தை மட்டும் மெல்ல வெளியேற்றும் கலையைப் பழகிக்கொள்ள அவர்களுக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. பணமும் யந்திரமும் நிறைந்த நாட்டிலும் விடை, லடாக்கியர் நடுப்பகலில் கதவைத் திறந்துவைக்கும் அந்த எளிய வழக்கத்தை ஒட்டியே வந்து நின்றது.

எஞ்சி நிற்பவை

மேலே கண்டவற்றை நிறுத்துப் பார்த்தால், திருவையாற்று வட்டாரத்தைப் பொறுத்தவரை, முழுமூடல் கட்சிக்கு ஆதாரம் குறைவு என்றே கொள்ளவேண்டும். அது பிறந்த தேசங்களின் குளிர் இங்கில்லை. அது வளர்க்கும் ஈரம் இங்கு ஏற்கெனவே மிகுதி. மேலே மெல்லிய மறைப்பு, வடக்கே தட்டி, மற்றைப் பக்கங்களில் காற்று, அடியில் வடிகால் என்ற பழைய ஏற்பாடு, காரணங்களைச் சொல்லாமலே பல காரணங்களுக்கு இணங்கிநிற்கிறது. இதனால் பழையது யாவும் நன்று என்று முடிவுகட்ட இடமில்லை. அகத்தியை எந்த வாரத்தில், எத்தனை பங்கு கழிப்பது என்பதில் ஊருக்கு ஊர் வழக்கம் வேறுபடுகிறது. நிழல்வலையின்கீழ் வளர்ந்த இலை அகத்தியின்கீழ் வளர்ந்த இலையின் மென்மையையும் காரத்தையும் பெறுமா என்பதைச் சந்தைதான் சொல்லவேண்டும். வடகிழக்குப் பருவமழை ஒரே நாளில் கொட்டித்தீர்க்கும் ஆண்டுகளில் எந்தக் கூரையும் வடிகாலுக்கு ஈடாகாது.

இவற்றுள் முதற்கேள்விக்கு விடைகாணப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. கொடிக்கால் வைத்திருப்போர், அகத்தியைக் கழித்த பாத்தி ஒன்றிலும் கழிக்காத பாத்தி ஒன்றிலும் முழங்கால் உயரத்தில் ஒன்றும் தலையுயரத்தில் ஒன்றுமாக வெப்பமானிகளைத் தொங்கவிட்டு, ஐப்பசி முதல் தேதியிலிருந்து தை முடியுமட்டும் நாள்தோறும் விடியுமுன் அளவைக் குறித்து, இலை நனைந்திருந்ததா, எந்நேரத்தில் காய்ந்தது என்பதையும் பக்கத்தில் எழுதிவைக்க வேண்டுகிறோம்.